கேட்பவர்களுக்காக வாங்கிய சிம்பல்

மாமு,

சனிக்கிழமை என் மகளோடு வாத்தியக் கடைக்குப் போயிருந்தேன். அவள் விம்கோ நகரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். அங்கே நிஜ டிரம்மை அடித்தால் மறுநாளே காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள். அதனால் கரண்டில் ஓடுகிற டிரம் செட் வைத்திருக்கிறாள். வாசிப்பது அவள் காதில் மாட்டிய ஹெட்போனுக்குள் மட்டும்தான் கேட்கும். அதோடு வந்த சிம்பல் தட்டு ஒன்றே ஒன்று. இன்னொன்று வேண்டும், கைக்கு அடக்கமான விலையில் வேண்டும், நீங்கள் வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றாள்.

கடைக்காரர் இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். சிம்பல் என்று பெயர்தான். கறுப்பு ரப்பர் ஒட்டிய வட்டத் தட்டு, புது டயர் நாற்றம். நான் ஒன்றைத் தூக்கி, என்னையும் அறியாமல் அதன் விளிம்பைப் பல்லில் வைத்துக் கடித்தேன்.

"அப்பா, என்ன பண்றீங்க? எல்லாரும் பாக்குறாங்க!"

என்னத்தைச் சொல்வது? சொல்வதானால் யானைக்கவுனியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எழுபதுகளில் ராயபுரத்தில் கல்யாணம், ஞானஸ்நானம் எதுவென்றாலும் நம் கச்சேரி பார்ட்டிதான். நீ டிரம், நான் கிடார். பகலில் நான் ரயில்வே பட்டறைக்குப் போவேன். நீ துறைமுகத்தில் கப்பலின் இரும்பு வயிற்றுக்குள் இறங்கி, சுத்தியலால் துரு தட்டுவாய். சாயங்காலம் ஒத்திகைக்கு வரும்போது உன் புருவமெல்லாம் செம்மண் நிறத்தில் இருக்கும். "டிரம்மாண்ட குந்துனாதான் மாமு நானு மன்சன். மத்த நேரம்லாம் சுத்தியலு" என்பாய். சிரித்துக்கொண்டுதான் சொல்வாய். ஆனால் அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று எனக்குத் தெரியும்.

பார்ட்டியை நடத்திய நம் மாஸ்டருக்குப் பொறுமை கிடையாது. "ஒரே தட்ட வச்சிகினு எத்தினி நாளு ஓட்டுவ? இன்னொண்ணு வாங்கிகினு வா. இல்லாங்காட்டி வேற ஆளு பாத்துக்கறேன்" என்று ஒருநாள் கறாராகச் சொல்லிவிட்டார். புதுசு வாங்க நமக்கு ஏது வக்கு? உருக்குவதற்காகப் பழைய பித்தளையை எடைபோட்டு வாங்குகிற யானைக்கவுனிக் கடை ஒன்றுக்குப் போனோம். கலைந்துபோன ஏதோ பேண்டு கோஷ்டியின் சாமான்களுக்கு நடுவே இரண்டு சிம்பல் கிடந்தன. ஒன்று தடிமன், ஒன்று மெல்லியது.

நீ தடிமனானதை எடுத்துத் தட்டிவிட்டு, விளிம்பைப் பல்லால் கடித்தாய். உன் வழக்கமான கோமாளித்தனம் என்றுதான் நினைத்தேன்.

"இதான் மாமு. சோக்கா கீது."

எனக்கு அது குண்டான் மூடி விழுந்த மாதிரி கேட்டது. நீ வேறு பக்கம் திரும்பியிருந்தபோது மெல்லியதை விரலால் சுண்டினேன். கடை முழுக்கப் பாடியது. கல்லாவிலிருந்த கடைக்காரரே நிமிர்ந்து பார்த்தார்.

"இது எப்டி கீது?" என்று உன் தோளைத் தொட்டுக் கேட்டேன்.

"எது? நீ இன்னும் தட்டவே இல்லியே."

தட்டு என் கையில் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. நீ அதைப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய். உனக்குப் புரிந்துவிட்டது.

"காது டாக்ல போச்சு மாமு," என்றாய். "தடிமனான சத்தம் வருது. மெலிசா கீறதுலாம் வர்ல. மாஸ்டராண்ட வாயத் தொறந்துடாத."

தடிமனானதையே எடுத்துக்கொள், அது உனக்குப் பல் வழியாகவாவது வருகிறதே என்றேன். நீ சட்டை முனையால் அந்த மெல்லிய தட்டைத் துடைத்துக்கொண்டே, "தட்டு கேக்கறவங்களுக்கு, மாமு. எனக்கு இன்னாத்துக்கு?" என்றாய். அதைத்தான் வாங்கினோம். உன்னைப்போல ஒரு பைத்தியக்காரனை நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு என் குதிகால்தான் உன் காது. பலகை மேடையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டு எடுக்கும்போதும் முடிக்கும்போதும் ஓங்கி மிதிப்பேன். அந்த அதிர்வு தெரிவதற்காக நீ செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் வாசிப்பாய். மேடையைக் கோயிலாக நினைக்கிற பையன் என்று மாஸ்டர் ஊரெல்லாம் உன்னைப் புகழ்ந்தார். நாம் ஒருவரையொருவர் பார்க்காமல் சிரிப்பை அடக்கிக்கொள்வோம்.

திருவொற்றியூரில் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்தில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். ஏறிய பிறகுதான் பார்த்தோம். சிமெண்டு மேடை, மேலே மொசைக். பாட்டு முடிகிற இடத்தில் என் குதிகால் நோக மிதித்தேன். கல்லை மிதித்து என்ன பிரயோஜனம்? எல்லா வாத்தியமும் நின்ற பிறகும் நீ கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சிம்பலை அடித்துக்கொண்டே இருந்தாய். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் எழுந்து போய்த் தட்டைக் கையால் இறுக்கிப் பிடித்தேன். கண்ணைத் திறந்ததும் நீ முதலில் பார்த்தது என் கையைத்தான். அந்தப் பார்வையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

மாஸ்டர் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை. நீயே குச்சிகளை அவரிடம் கொடுத்தாய். "தட்டு பார்ட்டிக்கு வாங்குனது, இங்கியே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாய். அப்புறம் கிழவனாகும்வரை துரு தட்டினாய். உன் காதில் வைத்துக்கொள்ளக் கொஞ்சம் பஞ்சு கொடுக்கக்கூட அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லையே.

போன வருஷம் உன்னைச் சவப்பெட்டியில் வைத்தபோது கோட்டு, சாக்ஸ், ஷூ எல்லாம் போட்டுவிட்டிருந்தார்கள். மாதா கோயிலில் பாட்டு முடிந்ததும் என் குதிகால் தானாகத் தரையில் மிதித்தது. அங்கேயும் மொசைக்தான். ஷூவையாவது கழற்றிவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். இந்தக் கிழவனுக்கு என்ன ஆயிற்று என்பார்களே என்று விட்டுவிட்டேன்.

கடைக்காரர் வைத்த இரண்டில் ஒன்று பெரிசு, பார்வைக்கு ஜோர். மற்றது சின்னது, ஆனால் கையால் பிடித்தால் சத்தம் உடனே நிற்குமாம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பிடித்தால் நிற்பதையே வாங்கம்மா என்றேன்.

வீட்டுக்கு வந்து மாட்டினோம். செட்டுக்கு அடியில் ஒரு பெரிய பலகை போட்டு வைத்திருக்கிறாள். கீழ்வீட்டுக்காரருக்குச் சத்தம் கேட்பதில்லையாம், ஆனால் கூரை அதிர்கிறதாம். அதைக் கேட்டதும் எனக்கு உன் வெறுங்கால் ஞாபகம் வந்தது. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகைமேல் ஏறி நின்றேன்.

பெரிய டிரம்மின் மிதி குதிகாலில் வந்தது. சின்ன டிரம்கூட லேசாக வந்தது. அப்புறம் அவள் கை உயர்ந்து புதுச் சிம்பலில் இறங்கியது. தட்டு ஆடியது. அவள் முகம் மலர்ந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை.

இன்னொரு தரம் அடி என்று சைகை காட்டினேன். அடித்தாள். இன்னொரு தரம். கண்ணை மூடிக்கொண்டு, கால்விரல்களைப் பலகையில் ஊன்றிக்கொண்டு நின்றேன்.

ஒன்றுமே வரவில்லை, மாமு. இதையா நீ அவ்வளவு ஆசையாக அடித்துக்கொண்டிருந்தாய்?