தரையில் விழுந்தவரையும் பார்க்கணும்

என் வீட்டு மகாராணிக்கு,

இங்கு நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அத்தைக்குச் சளி விட்டதா?

ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டு கொண்டுபோகும் ரோபோ வண்டிகளை விற்கிறேன் அல்லவா, அவற்றைப் பாதுகாப்புச் சோதனை செய்யும் அதிகாரியம்மாவை நான் திட்டாத நாளில்லை. எதிரே ஆள் நின்றால் வண்டி நின்றுவிடும். அவருக்கு அது போதவில்லை. "நோயாளிங்க எல்லாரும் நின்னுட்டேவா இருப்பாங்க? தரையில விழுந்தவரையும் பாக்கணும்" என்று சரக்கையே நிறுத்திவிட்டார். முணுமுணுத்துக்கொண்டே எல்லா வண்டிக்கும் அடியில் இன்னொரு சென்சார் பொருத்தினேன்.

நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில், துடைத்த ஈரத்தில் புதுச் செருப்பு வழுக்கி மல்லாந்துவிட்டேன். பயப்படாதே, இடுப்பில் லேசான பிடிப்புதான். நம் வண்டி ஒன்று நேராக என் தலையை நோக்கி வந்தது. ஒரு சாண் தள்ளி நின்று, "வழி விடவும்" என்றது.

அங்கே சோதனைக்கு வந்திருந்த அதிகாரியம்மா ஓடிவந்தார். "படுத்துக் காட்டச் சொல்லி நான் கேக்கவே இல்லையே, சார்!"

"உங்க புண்ணியத்துல தலை தப்பிச்சுதும்மா" என்று படுத்தபடியே கும்பிட்டேன். இனி எந்தச் சரக்கு வந்தாலும் முதலில் அவரிடம்தான் காட்டுவேன்.

என் பழைய ரப்பர் செருப்பையும் வலித் தைலத்தையும் அனுப்பு. அடுப்படியில் நான் குறுக்கே நின்றால் "கொஞ்சம் தள்ளுங்க" என்பாயே, அதையும் பதிவு செய்து அனுப்பு. வண்டிக்கு இல்லை, எனக்குத்தான்.

கூரியர்காரர் வாசலில் அவசரப்படுத்துகிறார்.

உன் வீட்டுக்காரன்