பேரன் தலையில் வந்த கொப்புளம்

காமாட்சி துணை

பெரிய காஞ்சிபுரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கலைவாணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி ஜெயக்குமாரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அப்படியே இருக்கவேண்டும். மனசுதான் சரியில்லை. போனில் பேசலாம் என்றால் குழந்தைக்கு மொட்டை போட்ட பரசுராமன் பேரை எடுத்ததுமே சிக்னல் இல்லை என்று கட் பண்ணிவிடுகிறாய், வாட்ஸ்அப்பில் எழுதினால் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாதல்லவா, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசிவரைக்கும் படி.

மெல்போர்ன் போய் இறங்கின மறுநாளே குழந்தையின் மொட்டைத் தலையெல்லாம் சிவந்து, முனையில் சீழோடு கொப்புளம் கொப்புளமாக வந்துவிட்டது என்று நீ போட்டோ அனுப்பினதும் நான் காமாட்சிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். ஆனால் நீ என்ன செய்தாய்? டாக்டரிடம் காட்டுவதற்கு முன்னால், எங்களை ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னால், குழந்தையின் தலையையும், ஐயம்பேட்டையில் நம் குலதெய்வம் கோயில் வாசலில் கத்தியோடு சிரித்துக்கொண்டு நின்ற பரசுராமனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நம் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிற ஃபேஸ்புக் குரூப்பில் போட்டாய். அழுக்குக் கத்தி, இவரிடம் யாரும் குழந்தையைக் கொடுக்காதீர்கள் என்று எழுதினாய். ஏண்டி, அவர் உறையைக் கிழித்துப் புது பிளேடு மாட்டினதை நீதானே வீடியோ எடுத்தாய்? உன் போனிலேயே இருக்கிறதே, அதை ஏன் போடவில்லை?

உன் பேச்சைக் கேட்டு ஜெயக்குமார் தறியை அப்படியே விட்டுவிட்டு ஓடி, அவருடைய சலூன் வாசலில் நின்று நாலு பேர் பார்க்கக் கத்திவிட்டு வந்தான். அன்றைக்கு இவனுக்கும் அதே கைதான் மொட்டை போட்டது, இவன் மண்டையில் ஒரு கொப்புளம் கிடையாது. வழவழவென்று இருந்த அந்தத் தலையோடு போய்ச் சண்டை போட்டிருக்கிறான். உங்கள் இரண்டு பேரையும் எந்த நேரத்தில் பெற்றேனோ தெரியவில்லை.

இப்போது நீ மறந்துவிட்ட விஷயத்துக்கு வருகிறேன். மொட்டைக்கு மறுநாள் மாப்பிள்ளை நம்மைக் கடலோரம் இருக்கிற ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போனார், ஜெயக்குமார் மட்டும் முகூர்த்தப் புடவை முடிக்கவேண்டும் என்று வரவில்லை. அங்கே வெந்நீர் குமிழி விட்டுக்கொண்டிருந்த தொட்டியில் மாப்பிள்ளை குழந்தையோடு இறங்கினார், அவன் தலையை முக்கி முக்கி எழுந்தான், நீ வெளியே நின்று படம் பிடித்தாய். அப்பா நிழலில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் புடவையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து காலை மட்டும் விட்டேன். நீங்கள் விமானம் ஏறின அன்றே எனக்குக் காலில் அரிப்பு. வேர்க்குரு என்று பவுடர் கொட்டினேன், அடங்கவில்லை. பார்த்தால் முழங்காலுக்குக் கீழே மட்டும் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம், அதற்கு மேலே ஒன்றுகூட இல்லை, தண்ணீர் எதுவரை தொட்டதோ அதுவரைதான். பரசுராமன் என் காலுக்குமா மொட்டை போட்டார்?

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற தோல் டாக்டரம்மாவிடம் போனேன். காலைப் பார்த்ததுமே எந்தத் தண்ணீரில் இறங்கினீர்கள் என்றுதான் கேட்டார். ஒவ்வொரு முடியும் தோலில் ஒரு குழியிலிருந்து முளைக்கிறது, மயிர்க்கால் என்கிறோமே அதுதான், அதற்குள் கிருமி போனால் வீங்கிச் சீழ் கட்டுமாம். சவரக் கத்தியாலும் வரும், வேர்வையாலும் வரும், ஆனால் ஒரே தொட்டியில் இறங்கினவர்களுக்கெல்லாம் சேர்ந்து வந்தால் அது தண்ணீர்தான் என்றார். சூடான தண்ணீரில் போடவேண்டிய மருந்தைச் சரியாகப் போடாவிட்டால் கிருமி பெருகிவிடுமாம், புதிதாக மழித்த தலை என்றால் கேட்கவே வேண்டாமாம். மாப்பிள்ளைக்கும் ஈர டிரவுசர் ஒட்டியிருந்த இடமெல்லாம் வந்திருக்கிறது என்று அவரே கூச்சப்பட்டுக்கொண்டு ஜெயக்குமாரிடம் சொல்லியிருக்கிறார். தலையில் முடியும் முகத்தில் தாடியுமாக இருக்கிற மனுஷனை யார் சிரைத்தது? அதை நீ ஃபேஸ்புக்கில் எழுதவில்லையே.

குழந்தைக்கு என்ன செய்யவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டு வந்தேன். உன்மேல் கோபம் என்றால் அவன் என்ன செய்வான். கொப்புளத்தைக் கிள்ளாதே, அவன் நகத்தை ஒட்ட வெட்டிவிடு. சுத்தமான துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடு. இங்கே மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் அரிப்புக்கு என்று வாங்கிக்கொண்டு போனாயே ஒரு ட்யூப், அதைத் தூக்கிப் போடு, டாக்டர் சொல்லாமல் அந்த மாதிரி களிம்பைத் தடவினால் அரிப்பு அடங்கின மாதிரி இருந்துவிட்டு உள்ளே முற்றிவிடுமாம். அங்கே குளிர் என்று கம்பளிக் குல்லாயை இறுக்கி மாட்டாதே, எண்ணெய் வைக்காதே, அன்று உடுத்தின துணி துண்டெல்லாம் சுடுதண்ணீரில் துவை. பெரும்பாலும் தானே ஆறிவிடும், எனக்கு ஆறிவிட்டது. காய்ச்சல் வந்தாலோ சிவப்பு பரவினாலோ உடனே டாக்டரிடம் ஓடு.

குழந்தை தலை ஆறிவிடும், பரசுராமனுக்கு என்ன வழி? ஆவணியில் மொட்டைக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். கையில் இன்னா நோவு உனக்கு என்று ஒருத்தன் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டானாம். சவரத்துக்கு வருகிறவர்களிடம் கேட்காமலே பிளேடு பாக்கெட்டை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார், பார்க்கச் சகிக்கவில்லை. ஜெயக்குமார் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டான், அதற்கும் அவர், அத்த வுடுப்பா, கொய்ந்தைக்கு எப்பிடி இருக்குது என்றுதான் கேட்டாராம். இத்தனையும் மாப்பிள்ளை மூலமாக உனக்குச் சொல்லி அனுப்பினால், போட்டது போட்டதாக இருக்கட்டும், அது ஒரு விழிப்புணர்வு என்கிறாயாம். விழிப்புணர்வாம்! நாலு சிநேகிதிகள் முன்னால் தப்பு என்று சொல்ல உனக்கு வெட்கம், அதற்கு அந்த மனுஷன் பட்டினி கிடக்கவேண்டுமா? அழித்தால் மட்டும் போதாது. எந்த இடத்தில் அவர் முகத்தைப் போட்டாயோ அதே இடத்தில், அவர்மேல் குற்றம் இல்லை, நான்தான் விசாரிக்காமல் எழுதினேன் என்று உன் பேரைப் போட்டு எழுது.

இன்று காலையில் அப்பா என்னிடம்கூடச் சொல்லாமல் ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஏறிப் போயிருக்கிறார். உன் அப்பா தலைமுடியை எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று உனக்கே தெரியும், ஒரு நரை தெரிய விடமாட்டார். ரோட்டைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து மொட்டை போடு என்றிருக்கிறார். வாணாங்க, உங்க பொண்ணு பாத்தா இன்னும் தப்பா எடுத்துக்கும் என்று பரசுராமன் பின்வாங்கினாராம், இவர் விடவில்லை. வழித்த தலையோடு தெருவில் வருகிறார், எந்தக் கோயில் வேண்டுதல் என்று சிலர் கேட்கிறார்கள், ஒருத்தர் குரலைத் தாழ்த்தி வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்கிறார். எல்லோருக்கும் ஒரே பதில்தான், என் பொண்ணு ஒரு ஆளு பொயப்பக் கெடுத்துட்டு குந்திக்கினு இருக்குது, அதுக்குத்தான். முடி வளர்ந்தால் திரும்பவும் அங்கேயே போய் உட்காருவாராம், நீ எழுதுகிறவரைக்கும்.

நீ மாப்பிள்ளையோடும் பிள்ளையோடும் மஞ்சள் குங்குமத்தோடு நன்றாக இருக்கவேண்டும், குழந்தை தலை தழும்பில்லாமல் ஆறவேண்டும், இதைக் காமாட்சியிடம் கேட்காத நாள் இல்லை. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அடுத்த தடவை வீடியோவில் கூப்பிடும்போது அப்பாதான் முன்னால் உட்காருவார். தாத்தாவுக்கு ஏன் மொட்டை என்று பேரன் கேட்பான். நாங்கள் வாயைத் திறக்கமாட்டோம், நீயே அவனுக்குப் பதில் சொல்லு.

இப்படிக்கு,
உன் அம்மா
ஏலவார்குழலி உமாபதி