செவ்வாய், வியாழன், சனி

மாப்ள,

உன் எழவு வீட்டில் நான் செய்த ஒரு காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது. நடுவீட்டில் ஐஸ் பெட்டிக்குள் நீ கிடந்தாய். உன் பெண்டாட்டி, எனக்குத் தங்கச்சி முறை, உன் தலைமாட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. நான் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போனேன். அழப் போகிறான் என்று ஆட்கள் வழிவிட்டார்கள். ஒரு பெரியவர் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று, கைபேசியை எடுத்து, முந்தின நாள் சாயங்காலம் நான் போட்ட பதிவை எத்தனை நிமிடம் படித்திருக்கிறார்கள் என்று பார்த்தேன்.

இன்று காலை எதிர் வீட்டுப் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வேனில் பெட்டி வந்து இறங்கி, ஒயரை மாட்டிவிட்டார்கள். அந்த உறுமல் ரோட்டைத் தாண்டி என் ப்ளெக்ஸ் கடைக்குள் கேட்கிறது. அவருக்குக் கண்ணீர் அஞ்சலி அடித்துக்கொண்டிருக்கிறேன். மருமகன் பக்கத்தில் நின்று, "அண்ணே, வயசுல அஞ்சக் கொறச்சுப் போடுங்க. அப்பத்தான் ஊரு உச்சுக் கொட்டும்" என்கிறான். போட்டேன். உனக்கு யாரும் குறைக்கச் சொல்லவில்லை. உன் வயதுக்கு அது தேவைப்படவில்லை.

அக்காள்மடத்தில் இந்தக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான் எனக்கு இணையத்தில் ஓர் எழுத்துத் தளத்தைப் பற்றித் தெரிய வந்தது. படிக்கிறவர்கள் மாதச் சந்தா கட்ட வேண்டும். ஒரு பதிவில் அவர்கள் எத்தனை நிமிடம் தங்குகிறார்களோ அதற்கேற்ப எழுதியவனுக்குப் பங்கு. காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் வாசகம் எழுதியே தேய்ந்த கை, சும்மா இருக்குமா? ஊர் வம்பையெல்லாம் பெயரை மாற்றி எழுத ஆரம்பித்தேன். முதல் மாத வருமானத்தில் நீயும் நானும் பாம்பனில் டீ குடித்தோம். வடைக்கு நீதான் கொடுத்தாய்.

"எதுக்குலே இத எழுதுற?" என்று அன்றைக்குக் கேட்டாய்.

"காசுக்குத்தான்."

"பொய் சொல்லாத. காசுக்குன்னா இன்னும் ரெண்டு பேனர் அடிப்ப. நீ எழுதுறது எவனுக்காச்சும் தேவைப்படணும்னு நெனைக்கிற. அது வேற வியாதி."

வியாதியைப் பற்றிப் பேச உனக்கு உரிமை இருந்தது. அதற்குள் உன் இரண்டு சிறுநீரகங்களும் கடையை மூடியிருந்தன. வாரத்துக்கு மூன்று நாள், விடியுமுன் பஸ் ஏறி இராமநாதபுரம் போய், நாலு மணி நேரம் கையை மிஷினுக்குக் கொடுத்துவிட்டுப் படுத்திருந்துவிட்டு வருவாய். இடது கையில் நரம்பை இணைத்துத் தைத்த இடம் புடைத்து நிற்கும். தொட்டால் உள்ளே இஞ்சின் ஓடுவது போல இரையும். டீக்கடைக்குப் புதிதாக வருகிறவனின் கையைப் பிடித்து அதன் மேல் வைத்து, "பாருங்க, மதுரை வண்டி கெளம்பிருச்சு" என்பாய். அவன் பயந்து கையை இழுத்துக்கொள்வான். நாம் சிரிப்போம். இப்போது நினைத்தால் அதில் சிரிக்க என்ன இருந்தது என்று தெரியவில்லை.

நீ இராமேஸ்வரத்தில் லாட்ஜ் மேனேஜர். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு வருகிற வடநாட்டு யாத்ரீகர்கள் உன் வராந்தா முழுக்கச் சொட்டச் சொட்ட நடப்பார்கள். நீ மேசைக்குப் பின்னால் நாளைக்கு அரை லிட்டர் என்று அளந்து வைத்த தண்ணீரில் நாக்கை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். வெயில் காலத்தில் ஒரு நாள், அவர்கள் ஈர வேட்டியைப் பிழிந்து வாளியில் விடுவதை நீ பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அதை நான் எங்கேயும் எழுதவில்லை. நகைச்சுவை எழுத்தாளனுக்கு அது உதவாது.

என் எழுத்தின் முதல் விமர்சகன் நீ. டயாலிசிஸ் முடிந்து திரும்புகையில் பஸ்ஸிலிருந்து கூப்பிடுவாய். பாம்பன் பாலத்துக் காற்றில் பாதிப் பேச்சு பறந்துவிடும்.

"ஏலே, மூணு நிமிசத்துல முடிச்சிர்ற. மிஷின் நாலு மணி நேரம் ஓடுது. நீட்டி எழுதுலே."

"சுருங்கச் சொல்றதுதான்டா எழுத்து."

"அது நல்லா இருக்கவனுக்கு. எங்களுக்கு இழுக்கணும். கல்யாணம்னு எழுதுனா பந்தக்கால்ல ஆரம்பி. பொண்ணு வீட்டுக்காரன் பாத்திரத்துல எத்தன நெளிவு இருந்துச்சுன்னு சொல்லு."

நீட்டினேன். ஒரு மொய் சண்டையை ஆறு பாகமாக எழுதினேன். உருப்படியான எழுத்தாளன் எவனும் அதைப் படித்தால் காறித் துப்பியிருப்பான். நீயோ அடுத்த நாள் கூப்பிட்டு, "மூணாம் கட்டில்ல ஒரு ரிட்டையர்ட் வாத்தியாரு, மொய் சண்டைக்குக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சு ஊசி நழுவிப்போச்சு. சிஸ்டர் என்னைய வையிது" என்றாய். இன்னொரு நாள், "அஞ்சாம் கட்டில்காரர் சிரிச்சதுல பிரஷர் ஏறி டாக்டரே ஓடியாந்துட்டாரு" என்றாய். நான் கடையில் வந்த ஆட்களிடமெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தேன். என் எழுத்தால் இரத்த அழுத்தம் ஏறியதை ஒரு விருது மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டேன்.

ஆனாலும் அந்த அறையை நான் என் வாசகர் வட்டமாக எண்ணவில்லை. அது உன் மூலமாக வந்த உபரி. என் அசல் வாசகர்கள் கனடாவிலும் வளைகுடாவிலும் இருந்தார்கள். தளத்தில் யார் படித்தார்கள் என்று தெரியாது, நிமிடங்கள் மட்டும் ஒரு கோடாகத் தெரியும். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கோடு நட்டுக்குத்தாக எழும்பும். மற்ற நாட்களில் படுத்துவிடும். இதற்கு நான் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். அவை தமிழர்கள் கவுச்சி சாப்பிடாத நாட்கள், வயிறு லேசாக இருப்பதால் இலக்கியம் இறங்குகிறது என்று உன்னிடமே சொன்னேன்.

நீ முகத்தில் ஒரு கோடு கோணாமல் கேட்டுக்கொண்டிருந்தாய். "வெள்ளிக்கிழமையும் கவுச்சி இல்லையே மாப்ள" என்றாய்.

"வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிருவாங்கல்ல."

"அதுவும் சரிதான்" என்றாய்.

நீ பஸ் ஏறும் நாட்கள் எனக்கு மனப்பாடம். அந்த மூன்றையும் இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. எழுதுகிறவனுக்கு வாசகன் எப்போதும் கடல் தாண்டித்தான் இருக்க வேண்டும்.

சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கும் நடுவே இருக்கிற இரண்டு நாள் இடைவெளிதான் மோசமானது என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்த இடைவெளியில்தான் போனாய். திங்கட்கிழமை இரவு, லாட்ஜ் மேசையிலேயே, யாரோ அறைச் சாவி கேட்டு நிற்கும்போது தலையைச் சாய்த்துவிட்டாய். செவ்வாய்க்கிழமை உன்னை எடுத்தோம். அன்று மத்தியானம்தான் நான் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். கோடு எழும்பியிருந்தது. எப்போதையும்விடக் கொஞ்சம் குட்டை, ஆனால் எழும்பியிருந்தது. நீ போனாலும் கனடா என்னைக் கைவிடவில்லை என்று, மாப்ள, அந்த இடத்தில் எனக்கு ஒரு ஆறுதல் வந்தது.

சாயங்காலம் எடுக்கிற நேரத்துக்கு முன்னால் இரண்டு பேர் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இருவர் கையிலும் பஞ்சு வைத்து ஒட்டிய கட்டு. பக்கத்தில் போனால் ஸ்பிரிட் வாடை. மிஷினிலிருந்து நேராக வந்திருந்தார்கள். ஒருவர் படகில் டிரைவராக இருந்தவர். மற்றவர் மண்டபம் முகாமில் இருக்கிற இலங்கைப் பெரியவர். தங்கச்சி என்னைக் காட்டி, "இவுகதான் அவுகளோட கூட்டாளி, எழுதுறவுக" என்றதும் இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"நீங்கள்தானா அது?" என்றார் முகாம் பெரியவர். "பெரிய உதவி தம்பி. நாலு மணித்தியாலம் போறதே தெரியாது."

"இவரு எங்களச் சேத்துவிட்ட கதை தெரியும்ல?" என்றார் டிரைவர், ஐஸ் பெட்டியைத் தலையால் காட்டி. "ஆறு கட்டில்லயும் ஒரு ஆள விடல. செத்தாலும் சந்தாவக் கட்டிட்டுத்தாண்டா சாவணும்னு சொல்லிச் சொல்லிச் சேத்தாரு. போன்ல எல்லாத்துக்கும் அவரே போட்டுக் குடுத்தாரு."

"ஆறு பேருமா?"

"ஆறு பேரும். இன்னைக்குக் காலையில அவரு கட்டிலு மட்டும் காலி."

நான் திரும்பவும் தொட்டிக்குப் பின்னால் போனேன். இந்த முறை பார்க்க ஒன்றும் இல்லை. நான் கனடா என்று நினைத்திருந்தது இராமநாதபுரத்தில் ஓர் ஏசி அறை. என் உலகளாவிய வாசகர் கூட்டம் ஒரு வரிசையில் மல்லாந்து கிடந்தது. அதில் ஒன்று இப்போது நடுவீட்டில்.

எல்லாவற்றையும் மூடிவிடுவது என்று இருந்தேன். வம்பு எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே நீ வந்து நின்றாய். ஆனால் வியாழக்கிழமை கோடு எழும்பியது. புதிதாக நான் ஒன்றும் போடவில்லை. பழைய மொய் சண்டையையே மறுபடி ஓட்டியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து, பரமக்குடிப் பக்கம் பெண் பார்க்கப் போன ஒருவன் தவறான வீட்டில் கேசரி சாப்பிட்டுவிட்டு வந்த கதையை, நீட்டி, பந்தக்காலிலிருந்து எழுதினேன். சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை வந்துவிடும் என்ற பயம்தான் எழுத வைத்தது. புகழுக்கு எழுதிய காலத்தில் எத்தனையோ நாள் சோம்பிப் படுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு நாள்கூடத் தவறவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கோடு எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. ஆடியில் ஒரு படி இறங்கியது. விசாரித்தேன், படகு டிரைவர் போய்விட்டார். கார்த்திகையில் இன்னொரு படி. ஊருக்கெல்லாம் கண்ணீர் அஞ்சலி அடிக்கிறவன் நான், மாப்ள. ஆனால் இந்தச் சாவுகளை எனக்கு யாரும் வந்து சொல்வதில்லை. ஆர்டரும் இல்லை, படமும் இல்லை. கடையில் உட்கார்ந்து நானே பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். என் பெண்டாட்டி, "அதையேன் வெறிச்சு வெறிச்சுப் பாக்குறீக, கூடக் குறைய வந்தா நமக்கென்ன மாளிகையா கட்டப் போறோம்?" என்கிறாள்.

போன சனிக்கிழமை மறுபடி இறங்கியது. வீட்டில் இருக்க முடியவில்லை. பஸ் ஏறி, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த இடத்துக்கே போனேன். உள்ளே விடமாட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக் கதவோரம் நின்றேன். சிஸ்டர் வெளியே வந்தது. யார் என்று சொன்னேன்.

"அந்த அண்ணனோட கூட்டாளியா? முகாம் தாத்தா போயிட்டாரு சார். வியாழக்கெழம ராத்திரி. அவரு எடத்துக்கு அபிராமத்துலருந்து ஒரு பொண்ணு வந்துருக்கு. இன்னும் போன்ல உங்களுது ஏத்தல. இன்னைக்கு ஏத்திக் குடுத்துருவோம்."

"நீங்களா ஏத்துறீக?"

"புதுசா யாரு வந்தாலும் ஏத்தணும்னு அந்த அண்ணன் சொல்லி வச்சிட்டுப் போயிருக்காருல்ல. இங்கன அது ஒரு பழக்கமாயிருச்சு."

மாப்ள, நீ எனக்கு விட்டுப்போனது அந்தப் பழக்கம்தான். அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் போவதில்லை. முப்பது வயதுகூட இருக்காது என்று சிஸ்டர் சொன்னது. அவளுக்கும் மூன்று நாள், நாலு மணி நேரம். நேற்று ஓர் அத்தியாயம் போட்டேன். இந்தப் பெரியவரின் பேனர் காய்ந்ததும் நாளைக்கானதை எழுத உட்கார வேண்டும். என் கைக்கு இனி வேறு வேலை கிடையாது.

இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? கிளம்பும்போது ஆசை அடக்க முடியாமல் சிஸ்டரிடம் கேட்டேன், எந்தக் கதைக்கு ரொம்பச் சிரித்தார்கள் என்று.

"சிரிச்சாகளா? இங்க யாரு சார் சிரிக்கப் போறா?" என்றது. "படிக்கவே மாட்டாக. போன்ல ஒரு பொம்பளைக் கொரலு உங்க கதைய வாசிக்கும்ல, அதப் போட்டுக் காதுல மாட்டிக்குவாக. பத்து நிமிசத்துல எல்லாரும் தூங்கிருவாக. தூங்குனா கால் இழுக்குறது தெரியாது. அந்த அண்ணன்தான் மொத ஆளா கொறட்டை விடுவாரு."