ஆற்றுப்பக்கத்து ஆணி

என் ஆசை நானாவுக்கு,

அல்லாஹ் உங்கள் கபுரை விசாலமாக்கட்டும். உம்மா சுகமாக இருக்கிறார். கம்பளை அணியை வென்று நீங்கள் கொண்டுவந்த வெள்ளிக் கேடயத்தை இன்னும் தினமும் துடைக்கிறார், வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் காட்டுகிறார். நான்தான் சில நாட்களாக அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குப் போன பிறகு நம் கிரிக்கெட் கிளப்புக்கு சலீம் மச்சான்தான் தலைவர். எனக்கு முதலிலிருந்தே அவர் மேல் ஒரு சந்தேகக் கண். யாரையும் லேசில் நம்பாதவன் என்று நீங்களே என்னைக் கேலி செய்வீர்களே, அந்தப் புத்தி இன்னும் போகவில்லை.

ஆடுகளத்தில் விரிக்கிற தும்புப் பாயில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. வெளியூரிலிருந்து ஆட வந்தவர்கள் துடுப்பெடுக்கும்போது ஆற்றுப்பக்கத்து முனையில் பாய் தளர்ந்து கிடக்கிறது. பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போய் விக்கெட்டைச் சாய்க்கிறது. தேத்தண்ணி குடித்துவிட்டு நாம் துடுப்பெடுக்கப் போனால் அதே பாய் விறைப்பாக இருக்கிறது. மழை ஈரத்தில் தளர்ந்திருக்கும் என்று மனதைத் தேற்றினேன். எங்கே தேறியது? போன ஞாயிறு மச்சான் சப்பாத்து நுனியால், அந்த முனையில் பாயை இறுக்கிப் பிடிக்கிற ஆணியை அசைப்பதைக் கண்ணால் கண்டேன்.

அன்றைக்கு வந்தவர்கள் கம்பளைக்காரர்கள். தோற்றுப்போய் ரயிலுக்குப் புறப்படும்போது அவர்களுடைய தலைவர் என் கையைப் பிடித்து, "ஒங்கட நானா உசுரோட ஈந்தா இப்பிடி நடக்க உட்டிருப்பாரா, தம்பி?" என்றார். வெட்கத்தில் செத்தேன். நேரே மச்சானிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

அவர் கோபிக்கவே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"எனக்கு இத காட்டித் தந்ததே ஒங்கட நானாதான்," என்றார்.

பொய்க்காரன் என்று ஏசிவிட்டு வந்தேன். வந்தும் என்ன? மற்ற ஆணிகளை யார் அடித்தாலும், ஆற்றுப்பக்கத்து ஆணியை மட்டும் நீங்கள் தொடவிடமாட்டீர்கள். நான் சுத்தியலோடு வந்தால், தேத்தண்ணி ஆயத்தமா என்று பார்த்துவர அனுப்புவீர்கள். எங்கள் நானா எவ்வளவு கவனமானவர் என்று அப்போது பெருமைப்பட்டேன். இப்போது கேட்கிறேன்: ஏன் அனுப்பினீர்கள்? அந்தக் கேடயம் யாருடையது நானா?

மௌத்தான உங்களைச் சந்தேகிப்பது பாவம் என்று தெரியும். ஆனாலும் சந்தேகிக்கிறேன். சோறு இறங்கவில்லை.

கம்பளைக்காரர்களை மறுபடியும் அழைத்திருக்கிறேன். மச்சான் முறைத்தார், முறைக்கட்டும். எல்லா ஆணிகளையும் அவர்களுடைய தலைவரே வந்து அடிக்கச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் நின்று பாயை இழுத்துப் பிடிப்பவன் நான். ஒரு ஆட்டம் எதற்கும் சாட்சியாகாதுதான். இருந்தாலும் என் மனதுக்கு வேறு வழி தெரியவில்லை.

வென்றால், உங்கள் கபுரடிக்கு வந்து மன்னிப்புக் கேட்பேன். தோற்றால், கேடயத்தை எடுத்துக்கொண்டு கம்பளை ரயிலில் ஏறுவேன். இது சத்தியம். உம்மாவிடம் என்ன சொல்வது என்பதை மட்டும் நீங்களே யோசித்து வையுங்கள்.

உங்களுக்காக இன்னமும் துஆ கேட்கிற,
உங்கள் தம்பி ஹனீபா