எந்த வளைவில் விழுந்தாள் அம்மா

அன்பு மகன் தூவாவுக்கு, அம்மா சொல்ல லியா எழுதுவது. இங்கே அப்பா, நான், லியா மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்தத் தொழிற்சாலை ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாக உறங்கி எழுந்து, நல்லபடியாக இருக்க வேண்டும். பாறைக்கு நடுவே மண் கிடைத்த இடத்திலெல்லாம் மக்காச்சோளம் ஊன்றியாகிவிட்டது, இனி மழை வர வேண்டியதுதான். பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டாம்.

அண்ணா, இதுவரை உள்ளது அப்பா அடுப்படியில் உட்கார்ந்து எடுத்துக்கொடுத்தது, அம்மா தலையாட்டினாள், நான் எழுதினேன். இனி உள்ளது நான் மட்டும் எழுதுவது. எல்லோரும் படுத்த பிறகு மாடிப்பரணில் சோள மூட்டைகளுக்குப் பின்னால் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். போனில் சொல்லியிருக்கலாம். அது அப்பா இடுப்பிலேயே இருக்கிறது, இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அம்மா காதில் விழும். அவள் காதில் விழக் கூடாது. விடிந்ததும் சந்தை பஸ் கண்டக்டரிடம் இதைக் கொடுத்துவிடுவேன். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். புதுவருஷத்துக்கு வந்தபோது புது பைக்கில் அம்மாவை மலைக்கு அந்தப் பக்கம் மியோ வாக்கில் சின்னம்மா வீட்டுக்குக் கூட்டிப் போனாயே, திரும்பி வரும் வழியில் நீங்கள் விழுந்தது எந்த வளைவில்?

நீ சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் இருவரும் முழங்காலில் மண்ணோடு சிரித்துக்கொண்டே வந்தீர்கள். பீச் பூவெல்லாம் பார்த்ததாகவும், கணவாய் உச்சியில் நின்றபோது நோ க்வே ஆறு பச்சை நூல் மாதிரி கீழே கிடந்ததாகவும், நீ சூடாக வேகவைத்த முட்டை வாங்கிக் கொடுத்ததாகவும் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மலையை நடந்தே தாண்டியவள், உட்கார்ந்தபடி தாண்டியது அதுதான் முதல் தடவை. நீ ஊருக்குப் போன பிறகுதான் காய்ச்சல் வந்தது. சாப்பிடமாட்டாள், பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள், கூப்பிட்டால் வெகுநேரம் கழித்துத் திரும்புவாள். மருத்துவமனை மாத்திரைக்குக் கேட்கவில்லை. பெரியப்பா வந்து கையைப் பிடித்துப் பார்த்து, "எங்கயாவது விழுந்தியா, பயந்தியா?" என்று கேட்டார். அப்போதுதான் சொன்னாள், மூடுபனியில் எதிரில் லாரிச் சத்தம் கேட்டது, பைக் சறுக்கியது, புல்லில் போய் விழுந்தோம், இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, எழுந்து வந்துவிட்டோம் என்று. பெரியப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். "விழுந்த எடத்துல ஒரு பிடி மண்ணை எடுத்து, 'வாம்மா, வீட்டுக்குப் போலாம்'னு ஒரு வார்த்தை கூப்பிடக் கூடவா அந்தப் பயலுக்கு வாய் வரல? உடம்பை மட்டும் ஏத்திக்கிட்டு வந்திருக்கான், உயிரை ரோட்டுலயே விட்டுட்டான்." எந்த இடம் என்று கேட்டால் அம்மாவுக்குத் தெரியவில்லை. வளைவு தொடங்கியதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு உன் முதுகில் முகத்தை வைத்திருந்தாளாம். உன் சட்டையின் கோடு மட்டும்தான் அவளுக்கு ஞாபகம்.

உன்னைக் கேட்கலாம் என்று நான் சொன்னேன். அப்பா சம்மதிக்கவில்லை. "அவன் வேலையில இருக்கறப்போ இதைச் சொன்னா அடுத்த பஸ்ஸை புடிச்சு வந்து நிப்பான். ரோட்டைப் பார்த்தா எனக்குத் தெரியாதா?" என்றார். மறுநாள் விடியற்காலையில் அம்மாவின் உயிரைக் கூப்பிட்டு வரக் கிளம்பினோம். பெரியப்பா தன் பைக்கில் முன்னால் போனார், அப்பா நம் பழைய பைக்கை ஓட்ட, நான் பின்னால் அம்மாவின் சட்டையையும் அரிசி முட்டை ஊதுபத்தியையும் கட்டிக்கொண்டு, கூடையில் கோழியோடு உட்கார்ந்தேன். அவ்வளவு அழகான நாள் அண்ணா. கடுகுப் பூ மஞ்சளாக விரிந்து கிடந்தது, ஒரு பக்கம் கறுப்புப் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. வளைவுக்குப் பின் வளைவு, திரும்பினால் மறுபடி வளைவு. "குடிகாரன் நடந்து போன தடத்து மேலயே ரோடு போட்டிருக்கானுங்க" என்று பெரியப்பா கத்திக்கொண்டே போனார். உச்சியில் ஹனோயிலிருந்து பைக்கில் வந்த பெண்கள் என்னையும் கோழியையும் போட்டோ எடுத்தார்கள், கோழி பெயர் என்ன என்று கேட்டார்கள். "சீக்கிரம் எடுத்துக்கோங்க, சாயங்காலம் அது குழம்பாயிடும்" என்றார் பெரியப்பா. நானும் சிரித்தேன். அதுதான் நான் கடைசியாகச் சிரித்தது.

கணவாய் இறக்கத்தில் ஒரு வளைவில் அப்பா வண்டியை நிறுத்தினார். ஓரக் கல்லில் உரசிய தடம், கீழே உடைந்த பைக் கண்ணாடித் துண்டுகள். "இதுதான்" என்றார். நான் குனிந்து பார்த்தேன். கல்லில் ஒட்டியிருந்தது சிவப்புப் பெயின்ட், உன் பைக் நீலம். கண்ணாடித் துண்டுகளுக்கு மேலே புல் வேர்விட்டிருந்தது. "அப்பா, இது ரொம்ப நாளானது மாதிரி இருக்கே" என்றேன். "நீ கோழியைப் பிடி" என்றார். பெரியப்பா ஊதுபத்தி ஏற்றி, முட்டையை அரிசி மேல் நிறுத்தி, பள்ளத்தைப் பார்த்துக் கூப்பிட்டார். பெயர் சொல்லவில்லை அண்ணா, நம் வழக்கப்படி, "அம்மா, குளிருது, இருட்டப் போகுது, புள்ளைங்க காத்திருக்காங்க, எழுந்து வா" என்றுதான் கூப்பிட்டார். அப்படிக் கூப்பிட்டால் எந்த அம்மாதான் வரமாட்டாள்?

திரும்பும்போது பின்னால் பார்க்கக் கூடாது என்று பெரியப்பா சொல்லியிருந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் "வளைவு வருது, பார்த்து வா" என்று நான் சொல்லிக்கொண்டே வர வேண்டும். சொன்னேன். முதல் ஏற்றத்திலேயே வண்டி திணறியது. மூன்று பேரை ஏற்றியதுபோல் பின்சக்கரம் அமுங்கியது. அப்பா கியரைக் குறைத்துவிட்டுச் சந்தோஷமாக, "பார்த்தியா, ஏறிட்டா" என்றார். எனக்கு முதுகில் குளிர்ந்தது. மடியிலிருந்த அம்மாவின் சட்டையை இறுக்கிக்கொண்டு வழி முழுக்கக் கண்ணை மூடியிருந்தேன், அம்மா உன் பின்னால் இருந்த மாதிரி.

வாசலில் நின்று பெரியப்பா "வந்துட்டியா?" என்று கேட்க, உள்ளே படுத்திருந்த அம்மா "வந்துட்டேன்" என்றாள். தெளிவான குரல், நோயாளியின் குரல் இல்லை. கோழியை வேகவைத்து, பெரியப்பா அதன் கால்விரல்களை விளக்கருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிக் குறி பார்த்தார். "யாரோ வந்திருக்காங்க" என்று மெதுவாகச் சொன்னார். அப்பா சாராயத்தை ஊற்றிக்கொண்டே, "யாரோவா? என் பொண்டாட்டி வந்திருக்கா. எல்லாரும் கட்டுங்க நூலை" என்றார். வந்த உயிர் மறுபடி நழுவிவிடாமல் இருக்க அம்மா மணிக்கட்டில் நாங்கள் நூல் கட்டினோம். மறுநாளே காய்ச்சல் இல்லை, சோளப் புட்டு மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஆனால் அண்ணா, அவள் சணல்நாரை இடது கையால் முறுக்குகிறாள். குதிரைக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்று கேட்கிறாள், நமக்கு ஏது குதிரை. சாப்பாட்டுக்கு ஒரு கிண்ணம் கூடுதலாக வைத்து, வாசலைப் பார்த்துக்கொண்டு, "செங் இன்னும் வரலயே" என்கிறாள். அப்படி ஒரு பெயர் நம் வீட்டில் யாருக்கும் இல்லை. அப்பா அதைக் காய்ச்சலின் மிச்சம் என்கிறார். நேற்று என்னை முன்னால் உட்காரவைத்துத் தலை வாரிவிட்டாள். நம் அம்மா என் சிக்கை இழுத்த இழுப்பில் நான் அழாத நாள் உண்டா? இவள் ஒரு முடிகூட வலிக்காமல், நுனியைப் பிடித்துக்கொண்டு வாரினாள். எனக்கு அது பிடித்திருந்தது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது.

சோளக் கொல்லையில் தனியாக இருந்தபோது பெரியப்பாவைக் கேட்டுவிட்டேன். அவர் மண்வெட்டியை ஊன்றிவிட்டு என் பக்கம் திரும்பினார். "வேற ஒருத்தி, லியா. பாவம், அவளும் யாரோ பெத்தவதான். எத்தனை நாளா யாரும் கூப்பிடாம கெடந்தாளோ, கூப்பிட்டதும் ஏறிக்கிட்டா. உங்கம்மா இன்னும் அந்த ரோட்டுலதான் நிக்குறா. மழை விழுந்தா தண்ணியோட ஆத்துக்கு எறங்கிடுவா, அப்புறம் என் குரல் அவளுக்கு எட்டாது" என்றார். அப்பாவிடம் சொல்லுங்கள் என்றால், "உங்கப்பன் பொண்டாட்டி பொழச்சுட்டான்னு ஆடிக்கிட்டிருக்கான். அவன்கிட்ட நான் சொன்னா என்னை அடிப்பான், நீ சொன்னா உன்னை அடிப்பான். கூட விழுந்தவனைக் கேளு, அவனுக்குத்தான் எடம் தெரியும்" என்றார்.

அதனால்தான் கேட்கிறேன். ஆற்றுப் பக்கமா, பாறைப் பக்கமா? உச்சிக்கு முன்னாலா பின்னாலா? பக்கத்தில் மரம், கல், பலகை ஏதாவது இருந்ததா? எழுத முடிந்தால் எழுது, வர முடிந்தால் வா. இன்று சாயங்காலம் மேற்கே மேகம் கட்டியது, நான் பார்த்துக்கொண்டே நின்றேன், அது கலைந்துபோயிற்று. நாளைக்கும் கலையுமா என்று தெரியாது. வந்தால் கோழி இரண்டு வேண்டும். ஒன்று நம் அம்மாவைக் கூட்டி வர. இன்னொன்று இவளைக் கொண்டுபோய் இவள் வீட்டில் விட. மறுபடி அந்த வளைவில் விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை. வீட்டு வாசலில் பேரி மரம் இருக்குமாம், அது மட்டும் கேட்டுவைத்திருக்கிறேன், ஊர் பெயரை மெல்லக் கேட்கிறேன். வரும்போது வேகமாக ஓட்டாதே.

அப்பா எழுந்து மாட்டைக் கட்டப் போனபோது, கடைசியில் ஆசீர்வாதம் எழுத வேண்டுமே என்று அம்மாவைக் கேட்டேன். சணலைக் கீழே வைத்துவிட்டு அவளாகவே சொன்னாள். பெயரை மாற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு தாய் சொன்னது, அப்படியே எழுதுகிறேன், உனக்கு உள்ளதை நீ எடுத்துக்கொள், மீதி போய்ச் சேர வேண்டியவனுக்குப் போய்ச் சேரட்டும்.

செங், என் கண்ணு, நீ நல்லா இருக்கணும். பனி மூட்டத்துல வண்டி எடுக்காதே. என்னைத் தேடிக்கிட்டு அந்த ரோட்டுல இனிமே அலையாதே. நான் வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டேன்.

இப்படிக்கு,
அம்மா
கைப்பட எழுதியவள், உன் தங்கை லியா