கரை தெரியாத இடத்திலும் திறக்கிற புத்தகம்

இழுப்பறையைத் திறந்தாலே டீசலும் மீனும் கலந்த உன் வாடை அடிக்கிறது. நீ பாலிதீன் கவரில் போட்டு ரப்பர் பேண்டு சுற்றி வைத்த அந்த மின்னூல் கருவி உள்ளே கிடக்கிறது. "இத்த வெச்சுகினு நா இன்னாண்ணா பண்றது?" என்று உன் மனைவி கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அதைத் தேர்ந்தெடுத்தவன் நான்தானே. தள்ளுபடி விலையைப் பார்த்ததும் புத்தி போய்விட்டது. அதைச் செய்த கம்பெனியின் கடையில் வாங்கும் புத்தகம் மட்டும்தான் அதில் திறக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. விசைப்படகில் வலையை இறக்கிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் நீ மற்றவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவாய். ஒருமுறை ஈரக் கை பட்டுப் பட்டுத் திரை உறைந்துவிட்டது. உன் கூட்டாளி பாபு சொன்னான் என்று பொத்தானை அழுத்திப் பிடித்தாய். எல்லாம் அழிந்து, இணையத்துக்கு வந்து கணக்கைத் திற என்றது. நடுக்கடலில் சிக்னலுக்கு எங்கே போவது? நீ படித்துக்கொண்டிருந்த கதையில், ஓடிப்போன தம்பி பல வருடம் கழித்து வந்து கதவைத் தட்டுகிறான். அக்கா தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கிறாள். அந்த இடத்தில் நின்றுபோனது.

கரைக்கு வந்ததும் சரிசெய்து தருகிறேன் என்றேன். நீ தொடவே இல்லை.

"காசு குட்த்தது நானு. தொறக்கறதுக்கு அவன கேக்கணுமா? மீனு வாங்க சொல்லோ செவுள தூக்கி பாக்குற, இத்த பாக்கலியா மாமு?"

புதிதாக ஒன்று தேடச் சொன்னாய். எங்கிருந்து வந்த புத்தகமானாலும் திறக்கிற பொது வடிவம், மெமரி கார்டு போட இடம், ஈரக் கையில் பக்கம் புரட்டப் பொத்தான். மீன்பிடித் தடைக்காலம் வேறு, கையிருப்பும் குறைவு. நான் தேடினேன், தேடிக்கொண்டே இருந்தேன். ஒன்றில் பொத்தான் இல்லை. ஒன்றில் தமிழ் எழுத்து கொம்பு வேறு, கால் வேறாகப் பிய்ந்து தெரிந்தது. விலை இறங்கட்டும் என்று இன்னும் ஒரு வாரம். "மிஷின் பாக்குறியா, மிஷினுக்கு மாப்ள பாக்குறியா?" என்று கேலி செய்தாய்.

பிறகு காமாலை வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்தபோதும் அதைத்தான் கேட்டாய்.

"கதவ தொறந்தாளா இல்லியா? அத்த மட்டும் சொல்லேன்."

நான் அந்தக் கதையைப் படித்தவன். சொன்னால் சுவாரஸ்யம் போய்விடும், புதுசு வாங்கித் தருகிறேன், நீயே படி என்றேன். நீ சிரித்தாய். மூன்றாம் நாள் நீ இல்லை.

நேற்று பாபு மூன்று முறை போன் செய்தான். "ண்ணா, தடை முடிஞ்சுது. ஐஸ் ஏத்திகினு கீறோம். மீதி கதைய யார்ணா சொல்வாங்க?" போட்டது போட்டபடி வண்ணாரப்பேட்டைக்கு ஓடினேன். பழைய சாமான் விற்கும் கடையில் மூலை தேய்ந்த ஒரு கருவி கிடைத்தது. அந்தக் கதையை ஏற்றிக் கொண்டுபோன கார்டைப் போட்டேன். வைஃபையை அணைத்தேன், அப்போதும் திறந்தது. தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. தண்ணீர் கேட்டு வாங்கி, விரலை நனைத்துப் பொத்தானை அழுத்தினேன். கடைக்காரர் முறைத்தார்.

"பொஸ்தகம் படிக்க போறியா சார், மீனு கழுவ போறியா?"

இரண்டு மாதம் இழுத்தடித்த வேலை அரை மணியில் முடிந்தது. அங்கேயே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

இன்று காலை காசிமேட்டில் பாபுவிடம் கொடுத்தேன். "அண்ணன் எங்க வுட்டாரு?" என்றான். பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். அவன் எழுத்துக் கூட்டிப் படிக்க, வலை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். இஞ்சின் கிளம்பியதும் அவன் குரல் எனக்குக் கேட்கவில்லை.

உன் பழைய கருவியை மறுபடி கவரில் சுற்றி வைத்துவிட்டேன். உன் கேள்வி மட்டும் என்னிடமே இருக்கிறது. அவள் திறந்தாள், மாமு. அடுத்த பக்கத்திலேயே திறந்துவிடுகிறாள். சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.