சுண்ணாம்பு பூசிய கற்கள்

மாப்பிள்ளை,

இன்று பெரியகுளத்தில் நான் வேலை பார்க்கும் தாலுகா கச்சேரிக்கு வெள்ளையடித்தார்கள். மேலதிகாரி பார்வைக்கு வருகிறாராம். முற்றத்தில் சுண்ணாம்புக் கல்லைக் குவித்துத் தண்ணீர் ஊற்றினார்கள். அது சீறிக் கொதித்து, வெந்த வாடை நான் எழுதிக்கொண்டிருந்த மேசை வரைக்கும் வந்தது. பேனாவை வைத்துவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். கூட வேலை பார்ப்பவர் என்ன ஆயிற்று என்று கேட்டார். சுண்ணாம்புத் தூசி எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். பொய் சொல்ல நான் எப்போதும் யோசித்ததில்லை. அது உனக்குத் தெரியும்.

நீ போய் ஏழு வருடம் ஆகிறது. பெரியாற்றுத் தண்ணீர் பள்ளத்தாக்குக்கு வந்துவிட்டது. தரிசாகக் கிடந்த இடங்களிலெல்லாம் நெல் நிற்கிறது. ஊருக்குப் போகும்போது வழியெல்லாம் பச்சை. நான் அதைப் பார்ப்பதில்லை. வண்டியில் தலையைக் குனிந்துகொண்டுதான் போகிறேன், ஏனென்றால் தேவாரம் தாண்டியதும் மேற்கே அந்த மலைச்சரிவு தெரியும்.

நீயும் நானும் ஒரே வருடம் அந்த ஊரில் பிறந்தவர்கள். ஒரே கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். சாமியார் நடத்திய பள்ளிக்கூடத்தில் நான் தங்கினேன். நீ இரண்டே மாதத்தில் சிலேட்டைப் போட்டுவிட்டு மாட்டுத் தொழுவுக்கு ஓடினாய். நான் சர்வே குமாஸ்தா ஆனேன். நீ அறுபது மலைமாட்டுக்குச் சொந்தக்காரன் ஆனாய். என் சித்தப்பா மகள் அருளாயியை உனக்குக் கட்டிவைத்த நாளில், பந்தலில் எல்லோர் முன்னாலும் என் தோளில் கை போட்டு, "இனி நீ தப்பிச்சுப் போக முடியாது மச்சான்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு காட்டைச் சர்க்கார் ஒதுக்கப்போகிறது என்று தண்டோரா வந்தது. நம் ஊருக்கும் மலைக்கும் நடுவில் ஓடை இருக்கிறதல்லவா, அந்த ஓடைக்கு மேற்கே எல்லாம் இனி ரிசர்வ் காடு, மாடு நுழையக்கூடாது என்றார்கள். ஊரார் திரண்டு போய்க் காடு ஒதுக்க வந்த துரையிடம் முறையிட்டார்கள். ஓடைக்கு மேலே ஒரு மைல் தூரம் ஊர் மேய்ச்சல் நிலம், நம் அப்பன்மார் காலத்தில் அளந்தபோதே எல்லைக்கல் நட்டிருக்கிறது என்றார்கள். துரை கேட்டுக்கொண்டார். "கல்லைக் காட்டுங்கள். கல் இருக்கும் இடம் வரைக்கும் உங்களுக்கு" என்றார். மூன்று மாதம் கெடு வைத்தார். நியாயமான பேச்சாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கற்கள் எங்கே இருக்கின்றன என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. நட்டவர்கள் செத்துப்போயிருந்தார்கள். அவற்றின்மேல் முப்பது வருடத்து முள் வளர்ந்து கிடந்தது.

உத்தமபாளையத்தில் நான் வேலை பார்த்த கச்சேரியில், கறையான் தின்றது போக மீந்திருந்த பெட்டி ஒன்றில் அந்தப் பழைய அளவுப் புத்தகம் இருந்தது. பதினோரு கற்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை சங்கிலித் தூரம், எந்தத் திசை என்று வரிசையாக எழுதியிருந்தது. மனுப் போட்டு நகல் வாங்குவதற்குள் கெடு முடிந்துவிடும். நான் அதைத் திருட்டுத்தனமாக ஒரு தாளில் எழுதி, ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்தேன்.

"இது நான் கொடுத்ததுன்னு தெரிஞ்சா வேலை போயிரும் மாப்ள" என்றேன்.

"என் வாயிலருந்து வராது" என்றாய். அவ்வளவுதான் நீ சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் மலைக்குப் போவோம். உன் கையில் அரிவாள், என் கையில் முடிச்சுப் போட்ட கயிறு. முதல் இரண்டு வாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. என் கணக்குப்படி கல் இருக்கவேண்டிய இடத்தில் கள்ளியும் சூரைமுள்ளும்தான் இருந்தன. மேடு பள்ளத்தில் கயிறு பொய் சொன்னது. நான் எரிச்சலோடு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு பாறையில் உட்கார்ந்து மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"மச்சான், அந்தத் தாளை மடி. அங்கன அந்தச் செவலைக் காளை எங்க போயி கழுத்தைத் தேய்க்குதுன்னு பாரு."

அது ஒரு புதருக்குள் பாதி உடம்பை நுழைத்துக் கழுத்தை எதிலோ மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தது. நீ அதை அதட்டி விலக்கிவிட்டு, கையை உள்ளே விட்டுத் தடவினாய். உன் முகம் மாறியது.

"கல்லு. ஆளு செஞ்ச கல்லு."

முள்ளை வெட்டி விலக்கினோம். இடுப்பளவு கல். தலையில் அம்புக்குறி வெட்டியிருந்தது. மூன்று பக்கம் பாசி படிந்திருக்க, நான்காவது பக்கம் மட்டும் எண்ணெய் தேய்த்ததுபோல வழவழவென்று இருந்தது. அதில் செம்மயிர் ஒட்டியிருந்தது. "எத்தனை வருசமா மாடு தேய்ச்சிருக்கு பாரு. என் அப்பன் மாடும் இதுலதான் தேய்ச்சிருக்கும்" என்றாய். நான் அந்த இடத்திலிருந்து திரும்ப அளந்து பார்த்தேன். புத்தகத்தில் இருந்தபடியே இருந்தது.

அதன்பிறகு மாடு காட்டும், என் தாள் உறுதி சொல்லும். ஒன்பது கற்கள் கண்டுபிடித்தோம். ஏழாவது கல்லுக்காக நீ இண்டம் புதருக்குள் குப்புறப் படுத்து நுழைந்தாய். வெளியே வந்தபோது முதுகெல்லாம் ரத்தக் கோடு. அருளாயி மஞ்சள் அரைத்துப் பூசும்போது என்னைப் பார்த்து, "அண்ணே, ஊரு பூராவும் மாடு மேய்க்குது, எங்க வீட்டு ஆளு முதுகு மட்டுந்தான் கிழியணுமா?" என்று கேட்டாள். நீ குப்புறப் படுத்தபடியே சிரித்தாய். அவள் கேட்டதில் என்ன தவறு?

இனி சொல்லப்போவதை நீ அறிவாய். வேறு யாரும் அறியமாட்டார்கள்.

துரை வருவதற்கு முந்தைய வாரம் நான்தான் சொன்னேன், கற்களைச் சுத்தம் செய்து வெள்ளையடித்து வைக்கலாம் என்று. துரை குதிரையிலிருந்து இறங்கமாட்டார், தூரத்திலிருந்தே தெரியவேண்டும் என்றேன். கோயில் திருவிழாவுக்கு வெள்ளையடித்த சுண்ணாம்பு மிச்சம் இருந்தது. நீ தயங்கினாய்.

"இருக்கிறபடியே இருக்கட்டுமே மச்சான். மாட்டு மசுரும் பாசியுமா இருந்தா என்ன?"

"உனக்குக் கச்சேரி தெரியாது மாப்ள. துரைமார் கண்ணுக்கு எல்லாம் பளிச்சுன்னு இருக்கணும்."

நீ என் பேச்சைக் கேட்டாய். படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தாய். நீயும் ஊர் ஆட்களும் தேங்காய் நாரும் மணலும் போட்டுப் பாசியைத் தேய்த்தீர்கள். மயிரும் எண்ணெய்ப் பிசுக்கும் போகும்வரை தேய்த்தீர்கள். சாய்ந்து கிடந்த இரண்டு கற்களை நிமிர்த்தி, அடியில் மண் போட்டு இடித்தீர்கள். பிறகு சுண்ணாம்பு. அன்று சாயங்காலம் ஓடைக்கரையிலிருந்து பார்த்தால் சரிவில் ஒன்பதும் வரிசையாகத் தெரிந்தன. ஊரே கூடிப் பார்த்தது.

துரை குதிரையிலிருந்து இறங்கினார். அதுதான் நடந்தது. முதல் கல்லின் அடியில் கைத்தடியால் குத்தினார். புது மண் பெயர்ந்தது. விரலால் கல்லைத் தொட்டு, விரலைப் பார்த்தார். இரண்டாவது கல், மூன்றாவது கல். பிறகு கூட வந்தவரிடம் இங்கிலீஷில் பேசினார். கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் அது புரிந்தது. இந்தக் கற்கள் போன மாதம் நட்டவை என்றார். கீழே இருந்து பிடுங்கி மேலே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்றார்.

சர்வே குமாஸ்தா என்று என்னையும் துரையோடு அனுப்பியிருந்தார்கள்; நான் அவருக்குப் பின்னால் காகிதக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வாக்கியம் போதும். "பழைய அளவுப் புத்தகம் உத்தமபாளையத்தில் இருக்கிறது, ஒத்துப் பாருங்கள்." அதைச் சொன்னால், அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். நீ கூட்டத்தின் முன்வரிசையில் நின்று என்னைப் பார்த்தாய். நான் குதிரையின் காலைப் பார்த்தேன்.

எல்லைக்கல்லை இடம் மாற்றினான் என்று உன்மேல் வழக்கு வந்தது. ஊரில் எத்தனையோ பேர் சுண்ணாம்பு பூசினார்கள். கல்லைக் கண்டுபிடித்தவன் யார் என்று கேட்டபோது நீ ஒருவன்தான் கை தூக்கினாய். மாஜிஸ்திரேட் கேட்டார், நீ நடவில்லை என்றால் முள்ளுக்குள் கிடந்த கல் உனக்கு எப்படித் தெரிந்தது என்று. என் தாள் உன் வீட்டில்தான் இருந்தது. அதை எடுத்து நீட்டியிருந்தால் நீ பிழைத்திருப்பாய்.

"மாடு காட்டுச்சு சாமி" என்றாய்.

ஊரார் யாரையும் உள்ளே விடவில்லை; இருந்த கச்சேரிக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அது உண்மை என்று தெரிந்த ஒரே ஆள் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். ஊர்க்காரன், சர்வேயில் இருப்பவன், இந்தக் கற்களைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது, எதிரியோடு அந்தப் பக்கம் நான் போனதே இல்லை என்றேன். கச்சேரிப் பேச்சில் குற்றம் சாட்டப்பட்டவனை எதிரி என்றுதான் சொல்லவேண்டும். என் வாயால் உன்னை அப்படிச் சொன்னேன்.

ஆறு மாதம் மதுரையில் சிறை. நீ திரும்பி வருவதற்குள் ஓடையோரம் புதுக் கற்கள் நட்டுவிட்டார்கள். ஓடையைத் தாண்டிய உன் மாடுகளைப் பிடித்துப் பவுண்டுப் பட்டியில் அடைத்தார்கள். அருளாயி அபராதம் கட்டி இரண்டு முறை மீட்டாள். மூன்றாவது முறை மீட்க முடியவில்லை. மிச்சத்தை அவளே சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். செவலையை வாங்கியவன் எந்த ஊர் என்றுகூட அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

நீ வந்த பிறகு ஒரே ஒரு முறைதான் உன்னைப் பார்க்க வந்தேன். கட்டிலில் இருமிக்கொண்டு படுத்திருந்தாய். காலில் விலங்குத் தழும்பு. வழியெல்லாம் நீ என்னை என்னவெல்லாம் ஏசுவாய் என்று நினைத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன்.

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலையே மச்சான்?" என்று கேட்டாய்.

பெரியகுளத்துக்குச் சம்பள உயர்வோடு மாற்றிவிட்டதை மறைத்துவிட்டேன். வெயில் தாழ்ந்ததும் கிளம்பிவிட்டேன். உன்னை நினைத்து நான் அழுததைவிட உன்மேல் கோபப்பட்டதுதான் அதிகம் மாப்பிள்ளை. என்னை ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம். ஊர் நடுவில் நிறுத்திக் காறித் துப்பியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் நானும் உன்னைத் திருப்பி ஏசி, காலம் போகப் போக உன்னை வெறுக்கப் பழகியிருப்பேன். அந்த வழியைக்கூட நீ எனக்கு விடவில்லை. அடுத்த மழைக்கு முன்னால் போய்விட்டாய்.

உன் முப்பதாம் நாள் பூசைக்கு வந்திருந்தேன். பூசை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அருளாயி பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். உன் வழக்கின் தீர்ப்பு நகல். முழுவதும் இங்கிலீஷ்.

"அண்ணே, இதுல அவுகளப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க. எனக்கும் தெரியணும்ல."

வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. சர்வே குமாஸ்தா எதிரியின் ஊர்க்காரராக இருந்தும் எதிரிக்கு விரோதமாகவே சொல்லியிருக்கிறார், ஆகவே அவர் நம்பத்தக்க சாட்சி என்று எழுதியிருந்தது. என் பேர் முழுதாக இருந்தது. அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

"அம்புட்டுத்தானா?" என்றாள்.

"அம்புட்டுத்தான் ஆத்தா."

அவள் காகிதத்தை வாங்கி, வாசிக்கத் தெரிந்தவள்போலக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சாகுறதுக்கு மொத நாளு அவுக சொன்னாக. 'கச்சேரியில எனக்காகப் பேசுனது உங்க அண்ணன் ஒருத்தருதான், அவரை எந்தக் காலத்துலயும் விட்டுறாத'ன்னு. நீங்க பேசுனது இதுல இல்லையே அண்ணே?"

"அதையெல்லாம் எழுதமாட்டாக" என்றேன்.

அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள்.

நீ ஏன் அப்படிச் சொல்லிவிட்டுப் போனாய் என்று ஏழு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு உடன்பிறந்தவன் இல்லையே, இந்த ஒருவனாவது இருக்கட்டும் என்றா? இல்லை, இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது என்று தெரிந்தேதானா? உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்தவரையில் முதலாவதுதான். இரண்டாவதாக இருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஓடைக்கு இந்தப் பக்கம் மிஞ்சிய துண்டு நிலத்தில் அருளாயி மொச்சை போடுகிறாள். ஒவ்வொரு வருடமும் முதல் பறிப்பில் ஒரு கூடை, வண்டிக்காரன் கையில் பெரியகுளத்துக்கு அனுப்பிவிடுகிறாள். "அவுகளுக்காகப் பேசுன அண்ணனுக்கு" என்று சொல்லிக் கொடுக்கச் சொல்கிறாளாம். வண்டிக்காரன் அதை அப்படியே வாசலில் நின்று சத்தமாகச் சொல்கிறான். என் மனைவி வாங்கிக் குழம்பு வைக்கிறாள். ஒரு வருடம்கூட நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. இலையில் விழுந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.